பி.எஸ்சி. கணிதத்தை ஒருபக்கத் தாளில் படிப்பது எப்படி

பிளஸ் டூ கணிதத்தில் 200க்கு 194 வாங்கியவள் நான். அதே நான் கல்லூரி மூன்றாம் ஆண்டில் ரியல் அனாலிசிஸ் தாளில் 75க்கு 19 வாங்கினேன். இரண்டு மதிப்பெண் பட்டியலையும் அப்பா தன் சைக்கிள் கடை மேசை இழுப்பறையில் ஒரே பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்தார். ஏன் என்று கேட்டதற்கு, "இரண்டும் ஒரே பிள்ளை வாங்கியதுதானே, சேர்ந்தே இருக்கட்டும்" என்றார். திட்டியிருந்தால்கூட மறந்துபோயிருக்கும்.

இப்போது டெல்டா மாவட்டத்து அரசுக் கல்லூரி ஒன்றில் கௌரவ விரிவுரையாளராக எனக்கு இது பதினான்காவது ஆண்டு. பெயரில் இருக்கும் கௌரவம் சம்பளத்தில் இல்லை என்பது தனிக்கதை. ஆண்டுதோறும் என்னைப் போலவே நல்ல மதிப்பெண்ணுடன் வந்து, என்னைப் போலவே மூன்றாம் ஆண்டில் தடுக்கி விழும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். அவர்களுக்கு வகுப்பில் துண்டுதுண்டாகச் சொல்வதை இங்கே சேர்த்து எழுதுகிறேன். கணிதத்தை விரும்பி எடுத்தவர்களுக்கு மட்டுமல்ல, கேட்ட பாடம் கிடைக்காமல் கலந்தாய்வில் கடைசியாக இதை எடுத்தவர்களுக்கும் சேர்த்துத்தான். என் வகுப்பில் பாதிப் பேர் அப்படித்தான் வருகிறார்கள்.

முதலில், எங்கே வழுக்குகிறது என்று பார்ப்போம். பள்ளியில் நாம் கணக்குப் 'போடுகிறோம்'. சூத்திரம் இருக்கிறது, எண்கள் இருக்கின்றன, விடை வருகிறது, பின்பக்கம் திருப்பிச் சரிபார்க்கிறோம். கல்லூரியில் போடுகிற கணக்கு பாதிதான். மீதிப் பாதியில் ஒரு கூற்றைக் கொடுத்து, 'இது ஏன் உண்மை?' என்று கேட்கிறார்கள். அதற்குப் பின்பக்கத்தில் விடை கிடையாது. இந்த மாற்றம் ஒரே நாளில் வருவதும் இல்லை. முதலாண்டு வகைநுண்கணிதம், முக்கோணவியல், இயற்கணிதம் எல்லாம் பிளஸ் டூவின் அக்கா மாதிரி இருக்கும். அதே முகஜாடை, கொஞ்சம் உயரம். பழைய முறையிலேயே படித்து 80, 85 வாங்கிவிடலாம். முதலாண்டு செய்யும் துரோகம் இதுதான். அப்ஸ்ட்ராக்ட் அல்ஜீப்ராவும் ரியல் அனாலிசிஸும் வரும்போது அந்த முறை கையை விரித்துவிடும். அதற்குள் ஒரு முறையைப் பழகிப் பழகி, மாற்றிக்கொள்ள மனம் வராமல் போயிருக்கும்.

நான் விழுந்ததும் அப்படித்தான். நிரூபணங்களைத் திருப்பாவை மாதிரி மனப்பாடம் செய்தேன். இருபத்திரண்டு தேற்றங்கள், வரி பிசகாமல். தேர்வில் வந்த தேற்றம் எனக்குத் தெரிந்ததுதான். மூன்றாம் வரி மட்டும் நினைவுக்கு வரவில்லை. பாட்டில் ஒரு வரி மறந்தால் அடுத்த வரிக்குத் தாவிவிடலாம். நிரூபணத்தில் மூன்றாம் வரி இல்லாமல் நான்காம் வரி பிறக்காது. அரைமணி நேரம் பேனா மூடியைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வரையறையோடு சண்டை போடுங்கள்

எந்தப் பாடத்திலும் முதலில் வருவது வரையறை. ஆசிரியர் கரும்பலகையில் எழுதுவார், நாம் எழுதிக்கொள்வோம், உடனே தேற்றத்துக்குப் போய்விடுவோம். பிள்ளைகள் வரையறையைப் பாடத்துக்கு முன்னால் வரும் கடவுள் வாழ்த்தாக நினைக்கிறார்கள். பாதி நிரூபணங்களின் முதல் இரண்டு வரிகள் வரையறையைப் பிரித்து எழுதுவதுதான் என்பது எனக்கே அரியர் எழுதும்போதுதான் புரிந்தது.

ஒன்றை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். 1/2, 2/3, 3/4, 4/5 என்று போகும் தொடர்வரிசை. இது 1ஐ நோக்கிப் போகிறது என்று பார்த்தாலே தெரிகிறது. 'போகிறது' என்றால் என்ன என்று கேட்டால்தான் வாய் குழறும். "பக்கத்தில் பக்கத்தில் போகிறது, மேடம்" என்பார்கள். அது 2க்கும்தானே பக்கத்தில் பக்கத்தில் போகிறது? ஒவ்வொரு உறுப்பும் முந்தையதைவிட 2க்கு அருகில்தான் இருக்கிறது. அப்படியென்றால் எல்லை 2ஆ? வகுப்பு அமைதியாகிவிடும். எனக்குப் பிடித்த அமைதி அது.

வரையறை சொல்வதை ஒரு பேரமாக நினைத்துக்கொள்ளுங்கள். எதிராளி ஒரு துல்லியத்தைக் கேட்கிறான்: 'நூற்றில் ஒரு பங்குக்குள் வர வேண்டும்.' நீங்கள் ஓர் இடத்தைக் காட்ட வேண்டும்: 'நூறாவது உறுப்பிலிருந்து எல்லாமே வந்துவிடும்.' சரிபாருங்கள். 99ஆவது உறுப்பு 99/100. 1க்கும் அதற்கும் வித்தியாசம் சரியாக 1/100. நூறாவது உறுப்பு 100/101. வித்தியாசம் 1/101, கேட்டதைவிடக் குறைவு. அதற்குப் பிறகு வருபவை இன்னும் குறைவு. அவன் விடாமல், 'ஆயிரத்தில் ஒரு பங்கு' என்கிறான். 'ஆயிரமாவது உறுப்பிலிருந்து' என்கிறீர்கள். அவன் எவ்வளவு சின்னதாகக் கேட்டாலும் உங்களால் ஓர் இடத்தைக் காட்ட முடிகிறதா? முடிந்தால் எல்லை 1. எல்லை 2 என்று சொல்லிப் பாருங்கள், 'அரைக்குள் வா' என்று கேட்ட உடனேயே தோற்றுவிடுவீர்கள். எந்த உறுப்பும் 1ஐத் தாண்டவில்லையே.

எப்சிலான் என்று பயமுறுத்தும் எழுத்து, அந்த எதிராளியின் பிடிவாதத்துக்கு வைத்த பெயர். அவ்வளவுதான்.

இதில் யார் முதலில் பேசுகிறார்கள் என்பதுதான் உயிர்நாடி. இங்கே தமிழ் கைகொடுக்கும். 'ஒவ்வொரு பூட்டுக்கும் ஒரு சாவி உண்டு' என்பது வேறு, 'எல்லாப் பூட்டையும் திறக்கும் ஒரே சாவி உண்டு' என்பது வேறு. முதலாவது எந்த வீட்டிலும் உண்மை. இரண்டாவது உண்மையானால் ஊரில் யாரும் நிம்மதியாகத் தூங்க முடியாது. தொடர்ச்சி என்றால், எண்ணைக் கொஞ்சமாக நகர்த்தினால் சார்பின் மதிப்பும் கேட்ட அளவுக்குள்தான் நகரும். எவ்வளவு நகர்த்தலாம் என்பதுதான் சாவி. இடத்துக்கு இடம் சாவி மாறலாம் என்றால் வெறும் தொடர்ச்சி, எல்லா இடத்துக்கும் ஒரே சாவி என்றால் சீரான தொடர்ச்சி. ஓர் எண்ணை வர்க்கமாக்கும் சார்பை எடுங்கள். வர்க்கம் 1க்குக் குறைவாக மாற வேண்டுமென்றால் 10க்கு அருகில் நீங்கள் ஏறக்குறைய 0.05 வரை நகரலாம். 1000க்கு அருகில் ஏறக்குறைய 0.0005தான் நகரலாம். இடம் மாற மாறச் சாவி மாறுகிறது, எல்லா இடத்துக்கும் பொதுவான ஒரு சாவி இல்லை. ஆகவே இது எண்கோடு முழுவதும் தொடர்ச்சியுள்ளது, சீரான தொடர்ச்சி உள்ளது அல்ல. என் அரியர் தாளில் வந்த பத்து மதிப்பெண் கேள்வி இதுதான். முதல் முறையும் வந்தது. அப்போது என்னிடம் பூட்டும் இல்லை, சாவியும் இல்லை.

வரையறை ஒன்று வந்தால் செய்ய வேண்டியவை: அதற்குப் பொருந்தும் உதாரணம் இரண்டு, பொருந்தாதது இரண்டு, பிறகு அந்த வரையறையை மறுத்து ஒரு வாக்கியம். 'இது ஒருங்கவில்லை', அதாவது எந்த எல்லைக்கும் போய்ச் சேரவில்லை, என்றால் துல்லியமாக என்ன அர்த்தம் என்று தமிழில் எழுதிப் பாருங்கள். எழுத முடியவில்லை என்றால் வரையறை இன்னும் புரியவில்லை.

ஒருபக்கத் தாள்

எங்கள் கல்லூரிக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் தவறாக அச்சான தாள்களைக் கட்டிவைப்பார்கள். ஒருபுறம் யாருடைய பட்டாவோ ஆதார் நகலின் பாதியோ இருக்கும், மறுபுறம் வெள்ளை. அந்தக் கடைக்காரர் அண்ணன் அதை எனக்குச் சும்மா கொடுப்பார். நான் மாணவியாக இருந்தபோது அப்பா கடையின் பழைய மாதக் காலண்டர் தாள்கள். வழவழப்பான நோட்டு வேண்டாம். நல்ல நோட்டில் தப்பாக எழுதக் கை கூசும். ஒருபக்கத் தாளில் கூசாது. கணிதத்துக்கு அந்தக் கூச்சமின்மை தேவை.

முறை இதுதான். வகுப்பில் ஒரு தேற்றம் நடந்த அன்று மாலையே நோட்டை ஒருமுறை படியுங்கள். மூடுங்கள். தாளில் நிரூபணத்தை எழுதத் தொடங்குங்கள். நின்ற இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வையுங்கள். பத்து நிமிடமாவது அங்கேயே முட்டிப் பாருங்கள். பிறகு நோட்டைத் திறந்து அந்த ஒரு வரியை மட்டும் பாருங்கள். மூடிவிட்டுத் தொடருங்கள். முடிந்ததும் தாளைக் கசக்கி எறியலாம், ஆனால் சிவப்புப் புள்ளிகள் எங்கே விழுந்தன என்று நோட்டின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு நிரூபணத்திலும் ஒரே ஒரு இடத்தில்தான் உண்மையான யோசனை இருக்கும், மீதியெல்லாம் அதைச் சுற்றிய வேலை. புள்ளி பெரும்பாலும் அங்கேதான் விழும்.

அடுத்து, நிரூபணத்தின் எலும்புக்கூட்டை மூன்று வரியில் தமிழில் எழுதுங்கள். குறியீடே கூடாது. 'ஒருங்கும் தொடர்வரிசை ஒவ்வொன்றும் வரம்புடையது' (அதன் எந்த உறுப்பும் தாண்டாத ஓர் அளவு உண்டு) என்ற தேற்றத்துக்கு என் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதியதை இன்னும் வைத்திருக்கிறேன்:

"வாலை எல்லை பிடித்துக்கொள்ளும். தலையில் இருப்பவை எண்ணி முடிகிற சில பேர்தான். இரண்டிலும் பெரியதை எடுத்துக்கொள்."

இதைவிடச் சுருக்கமாக நானும் சொன்னதில்லை. ஓர் இடத்துக்குப் பிறகு வரும் உறுப்புகளெல்லாம் எல்லையிலிருந்து ஒன்றுக்கும் குறைவான தொலைவில் இருக்கும், அது வால். அதற்கு முன்னால் இருப்பவை முடிவுள்ள எண்ணிக்கை, அவற்றில் பெரியது ஒன்று கட்டாயம் இருக்கும், அது தலை. இந்த மூன்று வரி மனதில் இருந்தால் தேர்வு அறையில் முழு நிரூபணத்தையும் கட்டி எழுப்பலாம். மூன்றாம் வரி மறந்துபோக வாய்ப்பே இல்லை, ஏனென்றால் அங்கே மனப்பாடமே இல்லை.

நாளுக்கு ஒரு தேற்றம் போதும். விடுதிப் பிள்ளைகள் இரவு இரண்டு மணி வரை விழித்துப் படித்தேன் என்று பெருமையாகச் சொல்வார்கள். இரவு இரண்டு மணிக்கு எனக்குச் சரியாகத் தோன்றிய நிரூபணங்கள் எதுவும் காலையில் சரியாக இருந்ததில்லை.

கணக்குகளுக்கும் ஒரு வார்த்தை. விடையைப் பார்க்கும் முன் நாற்பது நிமிடம் என்று ஒரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். செல்பேசியில் படம் பிடித்தால் நொடியில் தீர்வு வருகிறது என்று இப்போது காட்டுகிறார்கள். வரட்டும். அடுத்தவர் சாப்பிட்டால் நமக்குப் பசி அடங்காது என்று என் அம்மா எதற்கோ சொல்வார், இதற்கும் பொருந்தும். யூடியூப் விரிவுரைகளும் அப்படியே. என்.பி.டி.இ.எல். தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் முழுப் பாடங்கள் இலவசமாகவே இருக்கின்றன, நல்லவை. ஆனால் பக்கத்தில் ஒருபக்கத் தாள் இல்லாமல் பார்த்தால் அது சீரியல் பார்ப்பதற்குச் சமம்.

கெட்டவர்கள் பட்டியல்

ஒரு நாற்பது பக்க நோட்டு தனியாக வாங்குங்கள். அதில் எதிர் எடுத்துக்காட்டுகளை மட்டும் சேருங்கள். நான் அதைக் கெட்டவர்கள் பட்டியல் என்பேன். தேற்றத்தின் ஒரு நிபந்தனையை எடுத்துவிட்டால் யார் வந்து வீட்டை இடிப்பார்கள் என்ற பட்டியல் அது.

முதல் பெயர் 1 + 1/2 + 1/3 + 1/4 என்று போகும் தொடர். ஒரு தொடர் ஒருங்கினால் அதன் உறுப்புகள் பூச்சியத்தை நோக்கிப் போகும் என்பது தேற்றம். மறுதலை, அதாவது இதைத் திருப்பிப் போட்டால் வருவது, உண்மையா? ஆண்டுதோறும் வகுப்பில் முக்கால்வாசிப் பேர் 'ஆமாம்' என்று கை தூக்குவார்கள். தவறில்லை, பார்க்க அப்படித்தான் இருக்கிறது. ஒரு மாணவன் தன் இலவச லேப்டாப்பில் பைத்தானில் நான்கு வரி எழுதி இதைக் கூட்டிப் பார்த்தான். பத்துக் கோடி உறுப்புகளைக் கூட்டியும் 19ஐத் தொடவில்லை, 18.99 சொச்சத்தில் நின்றது. "நிச்சயம் 20க்குள் நின்றுவிடும், மேடம்" என்று பந்தயமே கட்டினான்.

கரும்பலகையில் ஒரு வரிதான் தேவைப்பட்டது. 1/3உம் 1/4உம் சேர்ந்தால் அரைக்கு மேல். 1/5 முதல் 1/8 வரை நான்கு பேர், ஒவ்வொருவரும் குறைந்தது 1/8, சேர்ந்தால் அரைக்கு மேல். அடுத்த எட்டுப் பேர், மறுபடி அரைக்கு மேல். அடுத்த பதினாறு பேர், மறுபடி. அரை, அரை என்று முடிவில்லாமல் சேர்ந்துகொண்டே இருந்தால் எந்த எண்ணில் நிற்கும்? நிற்காது. ஆமை வேகத்தில் முடிவிலிக்குப் போகும் தொடர் அது. பந்தயப்படி அவன் வாங்கித் தர வேண்டிய தேநீர் இன்னும் வரவில்லை. கணினி காட்டுவது நிரூபணம் ஆகாது என்று நான் பத்து வகுப்பில் சொல்லியிருந்தாலும் அந்த 18.99 அளவுக்குப் பதிந்திருக்காது.

குலக் கோட்பாட்டுக்கு (குரூப் தியரி) இன்னொரு பெயர். முடிவுள்ள குலத்தில் உட்குலத்தின் உறுப்பு எண்ணிக்கை, முழுக் குலத்தின் எண்ணிக்கையை மீதியின்றி வகுக்கும். இது லெக்ராஞ்ச் தேற்றம். இதற்கும் மறுதலை கிடையாது. நான்கு பொருள்களின் இரட்டை வரிசைமாற்றங்கள் (இரண்டு பொருள்களை இடம் மாற்றுவதை இரட்டைப்படை முறை செய்து கிடைப்பவை) 12. 12ஐ 6 வகுக்கும், ஆனால் இந்தக் குலத்தில் ஆறு உறுப்புள்ள உட்குலமே இல்லை. காரணம் அழகானது. பாதி அளவுள்ள உட்குலம் ஒன்று இருந்தால், குலத்தின் எந்த உறுப்பை வர்க்கமாக்கினாலும் அது உட்குலத்துக்குள் வந்து விழும். இந்தக் குலத்தில் மூன்று பொருள்களைச் சுழற்றும் வரிசைமாற்றங்கள் எட்டு. ஒவ்வொன்றும் வேறொன்றின் வர்க்கம். எட்டுப் பேரும் உள்ளே வந்தாக வேண்டும், இருப்பதோ ஆறு இருக்கை.

குலம் என்ற சொல்லே தலையைச் சுற்றுகிறது என்பவர்கள், பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையிலிருந்து ஒரு சதுரம் வெட்டுங்கள். நான்கு மூலைகளிலும் இருபுறமும் ஒரே எண்கள். ஒரு தாளில் அதே சதுரத்தை வரைந்து, அட்டையைத் திருப்பியும் புரட்டியும் அந்தக் கட்டத்துக்குள் எத்தனை விதமாக வைக்கலாம் என்று பாருங்கள். எட்டு. கால் வட்டம் திருப்பிவிட்டுப் புரட்டுவதும், புரட்டிவிட்டுக் கால் வட்டம் திருப்புவதும் ஒன்றா? செய்து பாருங்கள், வேறு வேறு. இதன் உட்குலங்களை எல்லாம் கையாலேயே கண்டுபிடியுங்கள், மொத்தம் பத்து வரும். ஒரு மாலை போதும். அதற்குப் பிறகு புத்தகத்தில் வரும் ஒவ்வொரு தேற்றத்தையும் முதலில் அந்த அட்டையிடம் கேளுங்கள். என் கைப்பையில் இருக்கும் அட்டை யாருடைய வளைகாப்பு அழைப்பிதழோ. அதில் இருந்த ஊர்ப்பெயர் பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது.

ஆங்கிலம்

தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்கிறேன், நானும் அப்படி வந்தவள்தான். கணிதப் புத்தகத்து ஆங்கிலம் மிகச் சின்ன ஆங்கிலம். முப்பது, முப்பத்தைந்து சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். 'தேர் எக்சிஸ்ட்ஸ்', 'சச் தட்', 'ஃபார் எவ்ரி', 'அட் மோஸ்ட்', 'அட் லீஸ்ட்', 'யூனீக்', 'இஃப் அண்ட் ஒன்லி இஃப்' என்று ஒரு தாளில் எழுதி, எதிரே தமிழில் பொருள் எழுதி, நோட்டின் அட்டைக்குள் ஒட்டிக்கொள்ளுங்கள். ஒரு மாதத்தில் தாள் தேவைப்படாது. முதல் செமஸ்டர் முழுவதும் நான் 'அட் மோஸ்ட்' என்பதை 'பெரும்பாலும்' என்று புரிந்துகொண்டிருந்தேன். 'அதிகபட்சம்' என்று ஒருவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்பதற்கு வெட்கம். அந்த வெட்கத்துக்குத்தான் அதிக விலை கொடுத்தேன்.

யோசிப்பது தமிழில் இருக்கலாம். இருக்கட்டும். எழுதுவது எந்த மொழியில் என்பதைத் தேர்வு விதி முடிவு செய்யும், யோசிக்கும் மொழியை யாரும் கேட்கப்போவதில்லை.

கூட்டாளி ஒருவர்

நான்கைந்து பேர் சேர்ந்து படித்தால் அரட்டை. தனியாகவே படித்தால் நம் தவறு நமக்குத் தெரியாது. இருவர் சரியாக இருக்கும். ஒருவர் நிரூபணத்தைச் சொல்ல வேண்டும், மற்றவர் ஒவ்வொரு வரிக்கும் 'ஏன்?' என்று மட்டும் கேட்க வேண்டும். நான்காவது 'ஏன்'னில் பெரும்பாலும் சாயம் வெளுத்துவிடும். நானும் என் தோழியும் இதை டவுன் பஸ்ஸில் செய்தோம். ஐம்பது நிமிடப் பயணம். ஒருநாள் பின்னிருக்கைப் பெரியவர், "அந்தப் பிள்ளைதான் சொல்லுகிறதே, நீ ஏன் ஏன் என்று அதை வதைக்கிறாய்?" என்று தோழியைக் கடிந்துகொண்டார்.

சென்னை லயோலா கல்லூரியில் ஃபாதர் ரசீன் என்ற பிரெஞ்சு பாதிரியார் கணிதம் கற்பித்தார். அவரிடம் படித்த எம்.எஸ். நரசிம்மனும் சி.எஸ். சேஷாத்ரியும் 1953இல் பம்பாய் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆய்வு மாணவர்களாகச் சேர்ந்தார்கள். 1965இல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட தேற்றத்துக்கு உலகம் முழுவதும் நரசிம்மன்-சேஷாத்ரி தேற்றம் என்றே பெயர். பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் உட்காருபவரைக் கொஞ்சம் யோசித்துத் தேர்ந்தெடுங்கள் என்று இதை வைத்து வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வேன்.

தேர்வு

இதைச் சுருக்கமாகவே முடிக்கலாம். நிரூபணக் கேள்விக்கு முதலில் சம்பந்தப்பட்ட வரையறையையும், கொடுத்திருப்பதையும், நிறுவ வேண்டியதையும் தனித்தனி வரிகளில் எழுதுங்கள். பாதியில் நின்றாலும் அதற்கு மதிப்பெண் விழும். திருத்துகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், நடுவில் ஒன்றும் இல்லாமல் முதல் வரியும் கடைசி வரியும் மட்டும் சரியாக உள்ள விடைத்தாள்கள் எங்களுக்கு உடனே தெரிந்துவிடும். ஸ்டாட்டிக்ஸ், டைனமிக்ஸ், நியூமெரிக்கல் மெத்தட்ஸ் போன்ற தாள்களில் படமும் கைப்பழக்கமும்தான் மதிப்பெண். பழைய வினாத்தாள் ஐந்தாண்டுக்குப் போட்டுப் பார்த்தால் போதும். துணைப்பாடமாக வரும் இயற்பியலையோ புள்ளியியலையோ சித்தி பிள்ளையாக நடத்தாதீர்கள், மொத்த சதவீதத்தை இழுத்துவிடும். நிகழ்தகவை ஒழுங்காகப் படித்து வைத்தவர்களுக்குப் பின்னால் வேலை கிடைப்பதையும் பார்த்திருக்கிறேன்.

அரியர் விழுந்தால் வீட்டில் யாராவது ராமானுஜனைக் கொண்டுவருவார்கள். 'ராமானுஜனே கும்பகோணம் கல்லூரியில் ஃபெயில் ஆனவர்தான்.' டிசம்பர் 22இல் கணித நாள் பேச்சுப் போட்டியிலும் இது தவறாமல் வரும். அவர் தோற்றது ஆங்கிலம் போன்ற மற்றப் பாடங்களில், கணிதத்தில் அல்ல. நாம் ரியல் அனாலிசிஸில் தோற்றுவிட்டு அவர் பக்கத்தில் போய் நிற்க முடியாது. வேறு ஆறுதல் தேடுங்கள். நான் 19 வாங்கிய அதே தாளில் அடுத்த முறை 61 வாங்கினேன். நடுவில் இருந்தது ஐந்து மாதமும் காலண்டர் தாள்களும்தான்.

இரண்டாம் ஆண்டிலேயே தெரிந்திருக்க வேண்டியவை

மூன்றாம் ஆண்டு கடைசியில் வந்து, "எம்.எஸ்சி.க்கு ஐ.ஐ.டி.யில் சேரலாமாமே, மேடம்?" என்று கேட்பவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. அதற்கான ஜாம் தேர்வு பிப்ரவரியில் நடக்கும். விண்ணப்பம் முந்தைய ஆண்டு செப்டம்பர், அக்டோபர் வாக்கில். மூன்று மணி நேரம், 60 கேள்விகள், 100 மதிப்பெண். அதில் ஒரு பகுதியில் ஒரு கேள்விக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் இருக்கலாம். அனைத்தையும் சரியாகக் குறித்தால்தான் மதிப்பெண், ஒன்றை விட்டாலும் பூச்சியம். மனப்பாடக்காரர்கள் அந்தப் பகுதியில்தான் சாய்வார்கள், கெட்டவர்கள் பட்டியல் வைத்திருப்பவர்கள் அங்கேதான் எழுவார்கள். சேஷாத்ரி 1989இல் தொடங்கிய சென்னை மேத்தமெடிக்கல் இன்ஸ்டிட்யூட் சிறுசேரியில் இருக்கிறது, அதற்குத் தனி நுழைவுத் தேர்வு. நம் ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு அப்படி ஓர் இடம் பஸ் போகும் தூரத்தில் இருப்பதே தெரியாது.

கோடை விடுமுறையில் நடக்கும் எம்.டி.டி.எஸ். என்ற கணிதப் பயிற்சி முகாம் 1993இல் தொடங்கியது, பேராசிரியர் எஸ். குமரேசன் முயற்சியால். அங்கே பாடம் நடத்துவதில்லை, கேள்வி கேட்டே கொல்வார்கள் என்று போய்வந்த என் மாணவி சொன்னாள். முதல் வாரம் அழுதாளாம், கடைசி வாரம் ஊருக்குத் திரும்ப மனமில்லையாம். வகுப்பில் முதல் மதிப்பெண் எடுப்பவள் அல்ல அவள், வால், தலை என்று மூன்று வரி எழுதினாளே, அவள்தான். பி.எட்., ஆசிரியர் தேர்வு வாரியம் என்று போகிறவர்களுக்கும் இந்த அடிப்படை வீணாகாது. பதினோராம் வகுப்பில் எல்லையை நடத்தும்போது ஒரு குழந்தை '2க்கும்தானே பக்கத்தில் போகிறது?' என்று கேட்டால் பதில் வேண்டும்.

கடைசியாக ஒரு காகித விஷயம். மத்திய நிறுவனங்களில் ஓ.பி.சி. இடஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கிறவர்களுக்கு, நம் கையில் இருக்கும் பி.சி., எம்.பி.சி. சாதிச் சான்றிதழ் போதாது. மத்திய அரசுப் படிவத்தில், கிரீமி லேயரில் (வசதி வரம்பைத் தாண்டியவர்கள் பிரிவில்) வரவில்லை என்று தாசில்தார் தரும் தனிச் சான்றிதழ் வேண்டும். அதுவும் அண்மையில் வாங்கியதாக இருக்க வேண்டும். இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். பெற்றோரின் வருமான விவரம் கேட்பார்கள், கையோடு கொண்டுபோங்கள். சான்றிதழ் வந்ததும் பெயரின் எழுத்துகளைப் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலோடு ஒருமுறை ஒப்பிடுங்கள். போன ஆண்டு என் மாணவன் ஒருவனுக்கு இனிஷியல் முன்னால் வருவதா பின்னால் வருவதா என்பதிலேயே இரண்டு வாரம் போனது.